அரை மரக்கால் சாமையும் அமெரிக்காவும்

“...இரக்கப்பட்டுத்தான் அரை வெச்சீங்கன்னு நானும் ஒத்துக்கறேன் மாமா. எங்க வூட்டுக்காரரு தவறுன புதுசுல அந்த இரக்கம் எனக்கு வேண்டியிருந்துச்சு. இப்ப மிஞ்சிப்போய்க் கெடக்குது. திருப்பிக் குடுக்கறேன், வாங்கிக்குங்க.”

இதைச் சொன்னவள் என் சிநேகிதி. சொன்ன இடம், ஜமுனாமரத்தூரிலிருந்து காட்டுப் பாதையில் இறங்கி ஏறிப் போகிற ஒரு சின்ன ஊரின் பொதுப் பாறை. கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த ஊர்க் கவுண்டர், அவளுக்குச் சின்ன மாமனார் முறை. பாறையின் மேல் வீட்டுக்கு ஓர் ஆணாக வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் நாங்கள் வேலியோரம் நின்றிருந்தோம். அவள் மட்டும் பாறைக்கும் வேலிக்கும் நடுவே, இடுப்பில் ஒரு கூடை சாமையோடு நின்றாள்.

அந்தப் பேச்சு அவள் வாய்க்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் நான் அமெரிக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள். அன்று பாறை மேல் இருந்தவர்களும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

நான் கண்ணமங்கலத்துக்காரி. கட்டிக்கொண்டவன் வீட்டில் இருக்க முடியாமல் வெளியே வந்தவள். கீழே இருந்தால் தெருவுக்குத் தெரு “எப்பம்மா திரும்பிப் போற?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சலித்துப்போய்த் தையல் மெஷினோடு மலையேறி, ஜமுனாமரத்தூர்க் கடைத்தெருவில் ஒரு சின்ன அறை பிடித்தேன். இங்கே வந்த புதிதில் ஒருத்தி கேட்டாள்: “ஒண்டியாவா கீற?” ஆமாம் என்றேன். “அப்ப சீக்கிரம் துணி தெச்சிக் குடுப்ப” என்று சொல்லிவிட்டு அளவு ஜாக்கெட்டை மேஜை மேல் வைத்தாள். அவ்வளவுதான் விசாரணை. அந்தப் பேச்சுக்காகவே இந்த மலை எனக்குப் பிடித்துப்போனது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மற்றதெல்லாம் மனிதர்கள் பேசிப் பேசி என் காதில் விழுந்து ஒட்டிக்கொண்டது.

என் சிநேகிதி சந்தைக்கு வருகிறவளாகத்தான் அறிமுகமானாள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே பெண், விடுதியில் தங்கிப் படிக்கிறாள். “பொண்ணு படிக்கிறப்ப நான் இன்னா சும்மா குந்திக்கினு கீறது?” என்று இவளும் தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டாள். வாய் விட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். வீட்டில் அப்படிப் படித்தால் ஊரே வந்து எட்டிப் பார்க்கும். ஆகவே சந்தை நாளில் கொண்டுவந்ததை விற்றுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ் வரும்வரை என் கடையில் உட்கார்ந்து படிப்பாள். நான் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன். துணிக்குக் காத்திருக்கிறவர்களும் கேட்பார்கள். அந்த வருஷம் அவளுக்கு இருந்த பாடங்களில் ஒன்று அமெரிக்க வரலாறு.

முதலில் தேயிலை வந்தது. கடலுக்கு அப்பால் இருக்கிற ராஜாவும் அவர் சபையும் வரி போடுகிறார்கள், அந்தச் சபையில் பேச எங்களுக்கு ஓர் ஆள்கூட இல்லை, அப்புறம் எதற்கு வரி என்று கோபப்பட்டுக் கப்பலில் வந்த தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகத்துத் தண்ணீரில் கொட்டினார்கள் என்று படித்தாள். பேண்ட் மடித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த புளி வியாபாரி ஒருவர் கேட்டார்:

“அம்மாந் தேயிலைய கொட்டுனா மீனுக்கெல்லாம் தூக்கம் வருமா?”

பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு வேறு சந்தேகம். “அந்த ராஜா யாரு? நம்மகிட்ட வாங்கிக்கினு போனானுங்களே, அவனுங்களா?”

“அவங்களேதான். அதே ஊரு.”

“அடப்பாவிங்களா. நம்மள மட்டுந்தான் புடுங்குனாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

ராஜாவே வேண்டாம் என்று பிரிந்துபோய், சட்டம் போட ஒரு கூட்டம், அதை நடத்த ஒருவர், நடத்துவது சரியா தப்பா என்று பார்க்கக் கோர்ட்டு என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து வைத்தார்கள் என்று வந்த அன்று, அதே அம்மாள், “எங்க வூட்ல மூணும் எங்க மாமியார்தான்” என்றார். ஊசி என் விரலில் ஏறியிருக்கும், அப்படிச் சிரித்தேன்.

அடுத்த சந்தையில் யாரும் சிரிக்கவில்லை.

ஜனங்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சபையில் இத்தனை இடம் என்று ஏற்பாடு. அப்போது ஒரு தகராறு. தெற்கே அடிமைகளாக வைத்திருக்கிறார்களே, அவர்களை ஆள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா? பேசிப் பேசி, ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணிக்கொள்வது என்று முடித்தார்கள். இதைப் படித்ததும் அவள் நிறுத்திவிட்டாள்.

“மீதி ரெண்டு பங்க எங்கடி போட்டாங்க?” என்றேன் நான்.

“அது இல்லக்கா விசயம். அந்த மூணு பங்கும் அவங்களுக்குக் கெடையாது. ஓட்டு இல்ல, வாய் இல்ல. அவங்கள எண்ணி, அந்த எண்ணிக்கையில கெடைக்கிற இடத்துல அவங்கள வெச்சினு இருந்தவன் போய்க் குந்திக்கினான்.” புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். “அடிமைக்கு அஞ்சுல மூணு. எனக்கு ரெண்டுல ஒண்ணு. எது பெருசுன்னு பாரு.”

அப்போதுதான் அந்த ஊர் வழக்கம் எனக்குத் தெரிய வந்தது. ஊர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு ஒரு மரக்கால் சாமை வரி. அதைத் தவிர வேறு வரி அங்கே கிடையாது. ஆண் இல்லாத வீட்டுக்கு அரை மரக்கால். கேட்பதற்கு நல்ல மனசாகத்தான் இருக்கிறது. ஆனால் அரை வரி கொடுக்கிற வீடு அரை வீடு. ஊர்ப் பொதுவில் நிற்கிற புளிய மரங்களைக் காய்ப்புக்கு முன் பங்கு வைப்பார்கள். முழு வீட்டுக்கு ஒரு மரம், அரை வீடு இரண்டுக்குச் சேர்த்து ஒரு மரம். பாறையில் உட்கார்ந்து பேசுகிற உரிமையைப் பாதியாக்க முடியாதே, அதனால் அதை அரை வீட்டுக்குக் கொடுப்பதே இல்லை. போன வருஷம் இவளுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் சேர்த்து விழுந்த மரம் காய்க்கவே இல்லை. அது காய்க்காது என்று ஊருக்கே தெரியும். வேலியோரம் நின்றபடி இவளுக்கும் தெரியும். யாரிடம் சொல்வது?

“அவங்க பட்ட கஷ்டம் வேற, என்னுது வேற” என்றாள். “எனக்குச் சங்கிலி போடல, என் புள்ளய யாரும் விக்கல. ரெண்டையும் ஒண்ணுன்னு சொன்னா நாக்கு அழுகிடும். ஆனா ஒரு மனுசிய பின்னமா எழுதற புத்தி கீதே, அது அங்கயும் ஒண்ணுதான், இங்கயும் ஒண்ணுதான்.”

அதிலிருந்து அவள் படிக்கிற தோரணை மாறியது. பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி இல்லை, வழக்குக்குப் போகிறவள் மாதிரி படித்தாள். அந்தப் பின்னத்தை அழிக்க ஒரே தேசத்துக்குள் அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு செத்தார்கள். அதற்குப் பிறகும், ஓட்டு உண்டு என்று காகிதத்தில் எழுதிவிட்டு, ஓட்டுப் போட வந்த கறுப்பு ஜனங்களுக்கு வாசிப்புப் பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். பெண்களுக்கு ஓட்டு அதற்கும் வெகு காலம் கழித்துத்தான், அதுவும் தெருவில் நின்று, ஜெயிலுக்குப் போய். “சும்மா எதனா குடுத்திருக்காங்களான்னு ஒவ்வொரு பாடமாப் பாத்துக்கினு வர்றேன். இன்னும் கண்ணுல படல” என்பாள்.

பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம் விடமாட்டேன் என்று உட்கார்ந்தே இருந்த ஒரு தையல்காரப் பெண்ணின் கதை வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் தொழில்காரி. புளி வியாபாரி, “பாவம், கால் வலிச்சிருக்கும்” என்றார்.

“கால் வலிச்சா அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கி நின்னிருப்பா அண்ணா” என்றாள் என் சிநேகிதி. “வலிச்சது கால் இல்ல.”

அவர் தைத்த துணியை வாங்கிக்கொண்டு போனார். போனவர் வாசலில் நின்று, “எனக்குத் தெரிஞ்சி அந்தப் பொம்பள இன்னும் எந்திரிக்கல” என்றார். நல்ல மனுஷன்.

ஆனால் எல்லோரும் நம் பக்கம் இல்லை. காய்க்காத மரத்தின் மற்றப் பாதிக்காரி ஒருநாள் கடைக்கு வந்தாள். இவளைவிட மூத்தவள், ஒல்லி, வாய் கத்தரிக்கோல். பிள்ளை இல்லை, புருஷன் போய்ப் பல காலம். இந்த வருஷம் முழு வரி கொடுக்கப்போகிறேன் என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதுக்குப் போயிருந்தது.

“நீ முழுசாப் போய்டுவ. படிச்சவ, உனக்குச் சந்தைல நாலு பேரு தெரியும். நான் இன்னா பண்றது? ஊர்ல அரை வூடு நம்ம ரெண்டுதான். நீ போய்ட்டா அரை மரத்தக் குடுப்பானுங்களா எனக்கு? எந்தப் பக்கத்துக் கெளைல ஏறட்டும், சொல்லு.”

“நீயும் முழுசாக் குடு அக்கா.”

“என்னை எவன் குந்தவெப்பான்? நான் போய் அந்தப் பாறைல குந்துனா, பாறை காலியாத்தான் கெடக்கும், எல்லாம் எந்திரிச்சிப் போய்டுவானுங்க.” எழுந்து முந்தானையை உதறிக்கொண்டாள். “உன் அமெரிக்காவுல என்னாட்டம் ஆளுங்க கடைசில இன்னா ஆனாங்கன்னு படிச்சிட்டு வந்து சொல்லு.”

எதற்கும் ஒரு பேச்சு வைத்திருக்கிற என் சிநேகிதி, அன்று மாலை வரைக்கும் புத்தகத்தைத் திறக்காமல் எனக்குக் கொக்கி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை வேலூரில். நானும் துணைக்குப் போனேன். உண்மையில் நூல்கண்டு வாங்க வேண்டியிருந்தது, துணை என்று சொல்லிக்கொண்டேன். முடித்துவிட்டு வெளியே வந்தவளின் முகம் சரியில்லை. அமிர்தி தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் சொன்னாள்.

“அக்கா, அந்தக் கேள்வி வந்துச்சி.”

“எது?”

“அடிமைங்கள எப்படி எண்ணுனாங்கன்னு. நான் அரைன்னு எழுதிட்டு வந்துட்டேன்.”

கடைக்கு வந்துபோகிற எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட கணக்கு அது. கேள்வி கேட்டால் புளி வியாபாரிகூடச் சரியாகச் சொல்லியிருப்பார்.

“அஞ்சுல மூணுன்னு எனக்குத் தெரியும். அதத்தான் எழுதப் போனேன். கை அரைன்னு எழுதுது. படிச்சிப் பாக்குறப்பகூடக் கண்ணுக்குத் தப்பாத் தெரில. வெளியில வந்து செருப்ப மாட்டறப்பத்தான் தெரிஞ்சிச்சி.” ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “மார்க்கு போவட்டும். ஆளு முழுசா இல்லன்னா அரைன்னு என் கையே முடிவு பண்ணிடுச்சி பாரு. அவங்க மனசுல இருந்தா அவங்கள மாத்தலாம்னு நெனச்சிக்கினு இருந்தேன். இது என் மணிக்கட்டு வரைக்கும் வந்துடுச்சிக்கா.”

வளைவில் பஸ் சாய்ந்தபோது அவள் என் மேல் சாய்ந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது சொன்னது இதுதான்: “வரி அளக்கற அன்னிக்கு நீ வரணும். சும்மா நின்னாப் போதும்.”

போனேன். கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

அந்த ஊரில் வரி அளக்கிற விதம் இப்படி. வீட்டுப் பெண் சாமைக் கூடையை வேலியோரம் இறக்கி வைப்பாள். பங்காளி ஒருவன் வந்து எடுத்துப்போய் மரக்காலில் அளந்து பாறை நடுவில் இருக்கும் குவியலில் கொட்டுவான். வீட்டு ஆண் தன் இடத்தில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். அரை வீடு வரும்போது மட்டும் பாதி மரக்கால் நிரப்பி, உள்ளங்கையால் சமன் செய்து, “அரை” என்று சத்தமாகச் சொல்வான். மற்ற வீட்டுக்கு ஒன்றும் சொல்வதில்லை.

மூத்தவளுடையது முதலில் வந்தது. “அரை” என்ற சத்தம் பாறையில் பட்டு வேலிக்குத் திரும்பி வந்தது. அவள் காலிக்கூடையை வாங்கிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அடுத்து என் சிநேகிதியின் கூடை. அவள் கீழே இறக்கவில்லை, இடுப்பில் வைத்தபடியே பாறையை நோக்கி நாலடி முன்னால் போய் நின்றாள்.

“முழு மரக்கால் அள அண்ணா.”

அளக்கிறவன் கவுண்டரைப் பார்த்தான். பிறகு மரக்காலைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். பாறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் சொன்னார்: “அமெரிக்கா பட்சிட்டு வந்துக்கிறா. நம்ம சாமிக்கு இங்கிலீசு தெரியாதும்மா.”

“அமெரிக்காவுல இத்தத் திருத்தறதுக்கு அண்ணன் தம்பி வெட்டிக்கினு செத்தாங்க” என்றாள். “நமக்கு ஒரு மரக்கால் சாமையில முடியுது. லேசுல முடியறத வுடுவீங்களா?”

வேலியோரம் யாரோ களுக்கென்று சிரித்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கவுண்டர் கெட்டவர் இல்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். அவள் புருஷன் சாவில் முன்னின்று எல்லாம் செய்தவர் அவர். பொறுமையாகத்தான் பேசினார். “முழு வரின்னா முழு வேலை, புள்ள. பாதை வெட்ட ஆள் அனுப்பணும், சாமி தூக்க ஆள் அனுப்பணும். உன் வூட்ல யாரு கீறாங்க?”

“போன மழையில பாதை அறுத்துக்கினு போச்சே, கல்லு சுமந்தது யாரு மாமா? நீங்களே பாத்தீங்க. ஆம்பளைங்க மம்பட்டி புடிச்சாங்க, கல்லு மொத்தமும் நம்ம பொம்பளைங்க தலைல வந்துச்சி. அப்ப யாரும் என் தலைல அரைக் கல்லு வெக்கல.”

கவுண்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெயில் இல்லை. “அதுக்கு இல்லம்மா. ஒண்டிப் பொம்பளைக்குப் பாரம் வேணாம்னு பெரியவங்க இரக்கப்பட்டு வெச்சது. அத்தப் போய்க் குத்தமாச் சொன்னா எப்படி?”

நியாயமான கேள்விதான். எனக்கே ஒரு கணம் அப்படித் தோன்றியது. கண்ணமங்கலத்தில் என்னைத் திரும்பிப் போகச் சொன்னவர்கள் எல்லோரும் இரக்கத்தோடுதான் சொன்னார்கள். வசவுக்கு எதிர்வசவு உண்டு. இரக்கத்துக்கு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் நான் மலையேறினேன். இவள் என்ன சொல்லப்போகிறாள் என்று என் கை வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவளின் காலிக்கூடை என் முழங்கையில் இடித்தது. அவளும் முன்னால் சாய்ந்திருந்தாள்.

அப்போதுதான் என் சிநேகிதி அதைச் சொன்னாள். இரக்கம் என்று ஒத்துக்கொள்கிறேன், புதுசில் வேண்டியிருந்தது, இப்போது மிஞ்சிக் கிடக்கிறது, திருப்பிக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

கவுண்டர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வட்டத்தில் இருந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். கவிழ்ந்த மரக்கால் கவிழ்ந்தபடியே இருந்தது.

அவள் அதைத் தொடவில்லை. யாரும் எடுக்க வரமாட்டார்கள் என்று ஆனபின், கூடையோடு தானே பாறை மேல் ஏறினாள். குவியலுக்குப் பக்கத்தில் கூடையை இறக்கி வைத்தாள். வட்டத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது, அவள் புருஷன் உட்கார்ந்த இடம். அவன் போனபிறகும் பக்கத்து வீட்டுக்காரர்கள் நெருங்கி அமர்ந்து அதை மூடவில்லை. அங்கே போய்ப் புடவையை ஒதுக்கிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் வேலிப் பக்கம், எனக்கு அடுத்து நின்றவளைப் பார்த்துவிட்டு, ஒரு பக்கமாக நகர்ந்து, இன்னோர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டாள்.